அஞ்சு மணிக்குள் பார்க்க வேண்டிய வண்டி

— மொதல்ல பேனட் மேல கையை வச்சுப் பாருலே சிவபாண்டி. சூடா இருக்கா?

— ஜில்லுன்னு இருக்குக்கா.

— ஏம்மா முனீஸ்வரி, சூடா இருந்தா என்ன, ஜில்லுன்னு இருந்தா என்ன? சட்டுனு ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துட்டுச் சொல்லுங்கோ. மணி நாலு ஆயிடுத்து. இது ஆத்துல இருந்த மாத்துச் சாவி; கோயிலுக்குப் போயிருக்கற எங்காத்துக்காரர் அஞ்சு மணிக்குத் தன் சாவியோட இந்த ஷெட்டுக்கு வந்துடுவார்.

— சொல்லுதேன் கேளுங்கம்மா. விக்கிறவுக நாம வாரதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வச்சிருவாக. அந்தச் சூட்டுல ஒரு நோயும் வெளிய தெரியாது. ஆறிக் கெடக்கும்போது ஸ்டார்ட் பண்ணாத்தான் வண்டவாளம் தெரியும். தளவாய்புரத்துல பதினாறு வருசமா ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன், இப்படி ஏமாந்து வந்தவுக வண்டிதான் பாதி.

— என் தம்பிங்கிறதுக்காகச் சொல்லல மாமி. இவன் வேண்டாம்னா நான் வாங்க மாட்டேன். இது ஏழாவது வண்டி.

— ஏழா! மத்த ஆறுக்கும் என்ன கேடு?

— அதை ஏன் கேக்கீக! ராஜபாளையத்துல ஒரு எடத்துல பாத்தோம், கல்யாணப் பொண்ணு மாதிரி மினுங்குது. உள்ள உக்காந்தா மல்லிகைப்பூ செண்டு மணக்குது. எனக்குப் புடிச்சுப் போச்சு. அட்வான்ஸ் குடுக்கப் போயிட்டேன். இவன் சீட் பெல்ட்டைப் புடிச்சு கடைசி வரைக்கும் இழுத்தான் பாருங்க...

— அடியில சேறு காஞ்சு போயி ஒட்டியிருக்கும்மா. வெள்ளத்துல முங்குன வண்டி. சீட்டை மாத்திரலாம், பெயிண்ட் அடிச்சிரலாம். பெல்ட்டைக் கடைசி மொழம் வரைக்கும் எவன் கழுவுதான்?

— இன்னொண்ணு, ஓட்டிப் பாக்கலாம்னு அய்யனார் கோவில் ரோட்டுல ஏத்துனோம். பாதி வழியில கொதிச்சு நின்னுபோச்சு. வித்தவன் என்ன சொன்னான்ங்கீக? ‘மேட்டுக்கு ஏன் போனீக, கீழயே ஓட்டிப் பாக்க வேண்டியதுதான’ன்னான்.

— பெருமாளே! இது அப்படியெல்லாம் நிக்காதும்மா. ரெண்டாயிரத்துப் பன்னெண்டுல புதுசா எடுத்தது. அவர் தாலுக்கா ஆபீஸ்ல ரிடையர் ஆன பணத்துல வாங்கின வேகன் ஆர். ஒரே கை. வேற யாரும் ஓட்டினதில்லே.

— எனக்கு நிக்காத வண்டிதான் மாமி வேணும். பாக்க எப்படி இருந்தாலும் சரி. ராஜபாளையத்துல ஒரு மில்லு ஹாஸ்டல், நூத்தி நாப்பது பொம்பளப் பிள்ளைய. காலைல ஆறு மணி ஷிப்டு. அதுகளுக்கு அஞ்சு மணிக்கெல்லாம் சாப்பாடு போயிரணும். செட்டியார்பட்டில எங்க வீட்டுல வச்சுதான் இட்லி அவிக்கிறோம், நானும் பக்கத்து வீட்டு மாரிக்கனியும்.

— நூத்தி நாப்பது பேருக்கு வீட்டுலயா?

— ஆமா மாமி. சாம்பிளுக்கு ஒரு வாரம் குடுக்கச் சொன்னாக. சங்கிலிப்பாண்டின்னு ஒருத்தன் லோடு ஆட்டோ வச்சிருக்கான், அவன்கிட்டச் சொன்னேன். ரெண்டு நாள் வந்தான். மூணாம் நாள் போனையே எடுக்கல. அம்புட்டு இட்லியும் அண்டாவுல உக்காந்து என்னைப் பாக்குது. பிள்ளைய பசியோட மெஷின்ல நின்னுச்சுகளாம். வார்டன் ஷெரின் மேடம் நல்லவுக, கோவப்படக்கூட இல்ல. ‘சொந்தமா வண்டி இருந்தா திங்கக்கிழமைல இருந்து வாங்க, இல்லன்னா வேற ஆள் பாத்துக்கிடுதோம்’னு சொல்லிட்டாக. இன்னைக்குச் சனிக்கிழமை.

— நீயே ஓட்டுவியா?

— லைசென்ஸ் எடுத்து ரெண்டு வருசமாச்சு. எங்க வீட்டுக்காரரு தறிக்குப் போறவரு, அவருக்கு சைக்கிளே தகராறு.

— யக்கா, ஸ்டார்ட் பண்ணப் போறேன். பின்னாடி போயி நின்னு புகை என்ன நெறத்துல வருதுன்னு பாரு.

— ஒண்ணும் வரலையேலே.

— வரக் கூடாது. அதான் வேணும். அம்மா, கேட்டீகளா? ஒத்தச் சாவி திருகல்ல புடிச்சிருச்சு. ஆயில் மூடியிலயும் கசடு இல்ல. பேட்டரி சூப்பரு. டேய்லி ஸ்டார்ட் பண்ணுத வண்டி இல்லையா?

— தினம் எடுக்கறார்ப்பா. அஞ்சு மணிக்குக் கிளம்பினா ராஜபாளையம் போயி, அங்க சிநேகிதாளோட பேசிட்டு ஏழரைக்கு ஆத்துக்கு வருவார். ஒரு நாள் தவறாது.

— மாமி, பின் சீட்ட மடக்குனா ரெண்டு அண்டா நிக்குமா?

— நிக்கும்னு நினைக்கறேன். ஏம்மா... கேக்கறேன்னு தப்பா நினைக்காதே. வெறும் இட்லிதானே? வேற ஏதாவது...?

— நெசத்தைச் சொல்லிருதேன் மாமி. புதன்கிழமை முட்டைக் கொழம்பு உண்டு.

— முட்டையா?

— ஹாஸ்டல்ல கேக்காக. மறைச்சு வாங்கிட்டுப் பொறவு உங்களுக்குத் தெரிஞ்சு சங்கடப்பட வேண்டாம் பாருங்க.

— ம். திருவாடிப்பூரத்துக்கு இந்த வண்டியில பூக்கூடை ஏத்திண்டு கோயிலுக்குப் போயிருக்கோம்... சரி, போ. காலங்கார்த்தால எழுந்து வேலைக்குப் போற குழந்தைகள் சாப்பிடறது. முட்டையும் ஏறட்டும்.

— அம்மா, ஒண்ணு கேக்கலாமா? ஒரு லட்சத்து இருபதாயிரம்னு சொன்னீக. இந்த வண்டிக்கு அது ரொம்பக் கம்மி. இடது பக்கம் பம்பர்ல ஒரு நசுங்கல் தவிர ஒரு குத்தமும் தெரியல. கம்மியா வருதுன்னாலே எனக்குச் சந்தேகம் வந்திரும்.

— அந்த நசுங்கல்தான்ப்பா காரணம்.

— வெளங்கல.

— மாசி மாசம் தெற்கு ரத வீதியில ஒரு மோர்ப் பந்தல் போட்டிருந்தா. இவர் நேரா போயி பந்தல் காலிலேயே இடிச்சார். பகல் பன்னெண்டு மணி. பந்தல் போட்டவா ஓரமா நட்டிருக்கணும்னு அவாளைப் பிடிச்சுச் சத்தம் போட்டார். அது ஓரமாத்தான் இருந்தது. அவர் கண்ணுக்குத் தெரியலே.

— டாக்டர்ட்ட காமிச்சீகளா மாமி?

— வரமாட்டேங்கறார். காபியை டம்ளருக்கு வெளியில ஊத்திக்கறார், கேட்டா டம்ளர் சரியில்லேங்கறார். வண்டி ஓட்டாதீங்கோன்னா ரெண்டு நாள் பேச மாட்டார். அதான் என் தம்பி பிள்ளை ஜனார்த்தன்கிட்டச் சொல்லி நெட்டுல போடச் சொன்னேன். சீக்கிரம் போகணும்னுதான் விலையைக் குறைச்சேன்.

— அப்ப அவியளுக்குத் தெரியாமலா விக்கீக?

— பென்ஷன் பேப்பர்னு சொல்லி வண்டி விக்கற ஃபாரம் ரெண்டுலயும் கையெழுத்து வாங்கிட்டேன் முனீஸ்வரி. ஆபீஸ்ல ஒரு வரி விடாமப் படிக்கறவர்னு பேர். இதைப் படிக்காமலே போட்டுக் கொடுத்தார். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கலே.

— அய்யோ மாமி...

— வண்டியை ஜனார்த்தன் மதுரைக்கு எடுத்துண்டு போயிருக்கான்னு சொல்லிச் சமாளிச்சுக்கறேன். நீங்கோ யோசிக்காதீங்கோ. எடுத்துண்டு போயிடுங்கோ.

— யக்கா, செத்த இங்க வா.

— என்னலே, மொகத்த இப்படி வச்சிருக்க?

— கதவைத் தொறந்தா உள் பக்கம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு பாரு. கடைசியா ஆயில் மாத்துனது. என்ன தேதி?

— மார்ச்சு பதினெட்டு.

— கிலோமீட்டரு?

— அம்பத்தெட்டாயிரத்து நானூத்திப் பத்து.

— இப்ப மீட்டர்ல படி.

— அம்பத்தெட்டாயிரத்து நானூத்திப் பதினொண்ணு. அதுக்கு என்ன?

— அதுக்கு என்னவா? அம்மா, இங்கன இருந்து ராஜபாளையம் போக வர இருபத்தஞ்சு கிலோமீட்டராச்சும் வரும். தினம் போறாகன்னு சொன்னீக. மார்ச்சு முடிஞ்சு ஆறு மாசமாச்சு. நாலாயிரத்துக்கு மேல ஏறியிருக்கணும். இங்க ஒரே ஒரு கிலோமீட்டரு ஏறியிருக்கு.

— எனக்கு அதெல்லாம் தெரியாதேப்பா. மீட்டர் கெட்டுப் போயிருக்குமோ என்னமோ.

— கெட்டுப் போகல. யாரோ ஒயரைக் கழட்டி விட்டு ஓட்டியிருக்காக. ஓட்டம் கம்மின்னு காட்டுததுக்கு இப்படித்தான் செய்வாக. யக்கா, கெளம்பு. நல்ல மனுசங்கன்னு நெனச்சேன்.

— ஏலே, வாயை அடக்கு!

— என்னை மோசடிக்காரிங்கறானா உன் தம்பி? முனீஸ்வரி, நான் நாப்பது வருஷம் ஆண்டாள் சன்னிதிக்குப் போயிண்டிருக்கேன். மீட்டர் எங்கே இருக்குன்னுகூட எனக்குத் தெரியாதும்மா.

— அவன் உங்களைச் சொல்லல மாமி. அழாதீக. ஏலே, அவுக மொகத்தைப் பாத்துட்டா அப்படிச் சொல்லுத?

— மொகத்தைப் பாத்து வண்டி வாங்க முடியுமாக்கா? சரி, இரு. ஒயரையே பாத்துருவோம்... ம். இங்கன யாரும் கை வச்ச மாதிரி தெரியல. கம்பெனி கட்டுன கட்டு அப்படியே இருக்கு.

— பொறவு?

— அதான் எனக்கும் புரியல. சக்கரத்துக்கும் செவுத்துக்கும் நடுவுல வேற ஒட்டடை கட்டியிருக்கு, அந்தா பாரு. டயர்ல ஒரே எடத்துல பள்ளம் விழுந்திருக்கு. அம்மா, சொல்லுதேன் கேளுங்க, கோவிச்சுக்கிடாதீக. வண்டி நின்ன எடத்த விட்டு நகரலன்னு வண்டி சொல்லுது. தினம் ஓடுதுன்னு நீங்க சொல்லுதீக.

— தினம் நான் வாசல்ல நின்னு பார்க்கறேன்ப்பா! சாவியை எடுத்துண்டு, செருப்பு மாட்டிண்டு, எங்க தெரு முனை திரும்பி இந்த ஷெட்டுப் பக்கம் வர வரைக்கும் பார்க்கறேன். அதுக்கப்புறம் ஏழரை மணி வரைக்கும் நான் மனுஷியா இருக்கறதில்லே. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா தெருவுக்கு ஓடி வந்துடுவேன். டீவி போட மாட்டேன். யாராவது குழந்தை மேல ஏத்திட்டார்னா என்ன பண்ணுவேன்னு தினம், தினம்... ஆறு மாசமா.

— இந்தாங்க, தண்ணி குடிங்க மாமி. உக்காருங்க.

— எப்படியாவது எடுத்துண்டு போயிடு முனீஸ்வரி. விலை வேணும்னா இன்னும் குறைச்சுக்கறேன்.

— வெலைக்காக இல்ல மாமி. திங்கக்கிழமை எனக்கு வண்டி இல்லன்னா பொழப்பு போச்சு. இந்த வண்டிய விட்டுட்டுப் போக எனக்கு மனசே வரல. ஆனா அவியளுக்குத் தெரியாம எடுத்தா, காலைல நாலு மணிக்கு அந்தச் சாவியத் திருகும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். நாங்க இங்கனயே இருக்கோம். அவிய வரட்டும். நானே கேக்கேன்.

— வேண்டாம்மா! ஒரேயடியா மாட்டேன்னுடுவார்!

— மாட்டேன்னா போறோம்.

— பெருந்தேவி? உன் குரல் மாதிரி இருக்கே. ஷெட்டை யார் திறந்தா?

— பெருமாளே! வந்துட்டார். ஏன்னா, மணி நாலே முக்கால்தானே ஆறது!

— புரட்டாசி சனிக்கிழமை, கோயில்ல நிக்க முடியலே. யாரோ அழற சத்தம் வெளியில வரைக்கும் கேக்கறது. யாரு இவா, மூணு பேரா?

— ரெண்டு பேர்தான். உங்களுக்கு நேரே அஞ்சு அடியில நிக்கறா.

— வணக்கம் சாமி. நான் முனீஸ்வரி, செட்டியார்பட்டி. இது என் தம்பி சிவபாண்டி, மெக்கானிக்கு. ஒளிக்காமச் சொல்லிருதேன். உங்க வண்டிய வெலைக்குக் கேக்க வந்தோம்.

— நான்தான்னா வரச் சொன்னேன். திட்டறதுன்னா என்னைத் திட்டுங்கோ. பென்ஷன் பேப்பர்னு சொன்னதும் பொய். இவாளை ஒண்ணும் சொல்லாதீங்கோ.

— மெக்கானிக் தம்பி, மீட்டர்னு என்னமோ சத்தமாப் பேசிண்டிருந்தேளே?

— அது வந்துங்கய்யா... மார்ச்சுல இருந்து ஒரு கிலோமீட்டருதான் ஏறியிருக்கு. அதான் கணக்கு ஒதைக்குது.

— உதைக்கலேப்பா. சரியாத்தான் இருக்கு. ஆயில் மாத்தின கடையிலேர்ந்து இந்த ஷெட்டு வரைக்கும் ஒரு கிலோமீட்டர்.

— அப்ப ராஜபாளையம்?

— போகலே.

— போகலேன்னா? என்னன்னா சொல்றேள்? நேத்திக்குக்கூட பஞ்சு மார்க்கெட் கிட்ட டிராஃபிக்ல அரை மணி மாட்டிண்டேன்னு சொன்னேளே?

— அங்கே எப்பவும் டிராஃபிக்தானே. அதைச் சொல்லறதுக்கு அங்கே வரைக்கும் போகணுமா என்ன?

— எனக்குப் புரியலே.

— அன்னிக்கு ஆயில் மாத்திண்டு வரச்சே, நம்ம தெரு முனையில திரும்பறேன். சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. சத்தம் மட்டும்தான். பிரேக்கை அழுத்திட்டேன். ஒரு பொண்ணு, ஸ்கூல் யூனிஃபார்ம், பம்பரை ஒட்டி நிக்கறா. ‘பாத்து வாங்க தாத்தா’ன்னுட்டுப் போயிட்டா. எப்படியோ உருட்டிண்டு வந்து இங்கே விட்டேன். அதுக்கப்புறம் இந்த ஷெட்டை விட்டு வண்டியை வெளியில எடுக்கவே இல்லே.

— அப்போ ஆறு மாசமா அஞ்சு மணியிலேர்ந்து ஏழரை வரைக்கும்?

— இங்கேதான். பத்து நிமிஷம் இஞ்சினைப் போட்டு வைப்பேன், பேட்டரி போயிடக் கூடாதுன்னு. அப்புறம் ரேடியோ கேட்டுண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். ஏழேகாலுக்குப் பூட்டிண்டு வருவேன்.

— அடுத்த தெருவுல! என்னை அங்கே வாசல்ல உசிரைக் கையில பிடிச்சுண்டு நிக்க வெச்சுட்டு, அடுத்த தெருவுல உட்கார்ந்து ரேடியோ கேட்டேளா!

— நீ நிக்கறேன்னு எனக்குத் தெரியாது பெருந்தேவி. தினம் ‘வந்துட்டேளா’ன்னு உள்ளேர்ந்து கேக்கற மாதிரிதான் குரல் வரும்.

— நீங்க பார்த்துடக் கூடாதுன்னு உள்ளே ஓடிப் போய்ட்டுக் கேப்பேன். ஏன்னா, ஒரு வார்த்தை சொன்னா என்ன? ஓட்டலேன்னு ஒரு வார்த்தை!

— ஓட்டலேன்னா ஏன்னு கேப்பே. ஏன்னு கேட்டா கண்ணுன்னு சொல்லணும். கண்ணுன்னா ஆபரேஷன்ம்பே. கண்ணுல கத்தி வைக்கறதை நினைச்சாலே எனக்கு வேர்க்கறது. அந்த ஃபாரம்கூட, நீ என்னத்தை நீட்டினேன்னு எனக்குத் தெரியாது. படிக்க முடியலே. கேட்டா தெரிஞ்சுடும்னு போட்டுட்டேன்.

— அழுதுண்டே சிரிக்கறேன் பாரு முனீஸ்வரி. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலே. அப்போ இவர் யாரையும் இடிக்கலே. ஒரு நாள்கூட ரோட்டுக்கே போகலே!

— போகல மாமி. அம்புட்டு நாளும் பத்திரமா இங்கனதான் இருந்திருக்காக. சாமி, எங்க மாமனாருக்கும் இப்படித்தான், கண்ணுல புரைன்னாக. கம்பு வச்சுத் தடவிக்கிட்டுத்தான் நடப்பாக. ஆபரேசன் பண்ணி மறுநாளே வீட்டுக்கு வந்துட்டாக. இப்ப பஸ் போர்டைப் படிச்சு எனக்கே ஊர் சொல்லுதாக. உங்களுக்கும் அதானான்னு டாக்டர்தான் பாத்துச் சொல்லணும். ஒரு தடவ போயிட்டு வந்திருங்க.

— வலிக்குமா?

— கண்ணுல போட்ட கட்டை அவுக்கும்போது பசை ஒட்டுனதுதான் வலிச்சதுன்னாக.

— திங்கட்கிழமையே அழைச்சுண்டு போறேன். இதுல நீங்க பேசப்படாது.

— பேசலே. போகலாம்.

— அய்யா, அப்ப மீட்டர் நெசம். நான்தான் அவசரப்பட்டு வாயை விட்டுட்டேன். அம்மா, மன்னிச்சுக்கிடுங்க.

— விடுப்பா. நீ கண்டுபிடிக்கலேன்னா நான் இன்னும் வாசல்லதான் நின்னுண்டிருப்பேன்.

— செத்த தூரம் ஓட்டிப் பாத்துட்டு முடிவு சொல்லுதோம்யா. டயர் பள்ளம் ஓடுனா சரியாகுதான்னு பாக்கணும்.

— நானும் வரேன். ஆறு மாசமா நின்ன இடத்துலயே உட்கார்ந்து அலுத்துப் போச்சு. ஏறு பெருந்தேவி.

— நான் பின்னாடி இருந்துக்கறேன். முனீஸ்வரி, மெதுவாப் போம்மா.

— போறேன் மாமி. சாமி, பெல்ட்டைப் போட்டுக்கிடுங்க. ஏலே, பின்னாடி நல்லாக் கேளு, சத்தம் எதுவும் வருதான்னு.

— மொதல்ல செத்த உதறுது. டயரு. நேரா ரோட்டைப் புடி... இப்ப நின்னுபோச்சு. ரெண்டாவது கியர்ல இருந்து மூணாவது போடு. ம். ஸ்டீரிங்கை விடு செத்த... ஒரு பக்கமும் இழுக்கல. பிரேக்கு? சடார்னு புடிச்சுப் பாரு. நேரா நிக்குது. யக்கா, ஏழாவது வண்டில உனக்கு விடிஞ்சிருச்சு.

— கிளட்ச்சு எவ்வளவு லேசா இருக்கு! எங்க டிரைவிங் ஸ்கூல் வண்டில ஏறி நிக்கணும்.

— நன்னா ஓட்டறாளே. இப்போ எங்கே போயிண்டிருக்கோம் பெருந்தேவி?

— பஸ் ஸ்டாண்ட் தாண்டியாச்சு. ராஜபாளையம் ரோட்டுல போறோம்.

— ஒரு வழியா நானும் ராஜபாளையம் ரோட்டுக்கு வந்துட்டேன்.

— சிரிக்காதீங்கோ. எனக்குக் கோபம் இன்னும் இருக்கு. நாளைக்குப் படறேன். இன்னிக்கு முடியலே, உடம்பெல்லாம் பஞ்சு மாதிரி இருக்கு.

— சாமி, நான் எடுத்துக்கிடுதேன். மாமி சொன்ன வெலைதான். ஒரு ரூவா கொறைச்சுக் கேக்க மாட்டேன். உங்க வாயால சரின்னு சொன்னீகன்னா போதும்.

— சரிம்மா. நாலு மணிக்கு எழுந்திருக்கிற கையில வண்டி இருக்கட்டும். பெருந்தேவி, முடிவாயிடுத்தோன்னோ? என் சட்டைப் பையில செல்போன் இருக்கு. எனக்கு நம்பர் கண்ணுக்குத் தெரியலே, நீயே வைகுண்டராஜுக்குப் போட்டுக் கொடு, வர வேண்டாம்னு சொல்லணும்.

— யாரு வைகுண்டராஜ்?

— கார் புரோக்கர். வர வியாழக்கிழமை நீ பஜனைக்குப் போயிருக்கற நேரத்துல வாங்கற ஆளைக் கூட்டிண்டு வரேன்னிருக்கான். இந்த வண்டியை உனக்குத் தெரியாம வித்துடலாம்னு நானும் ஒரு மாசமாத் தவிச்சிண்டிருக்கேன்.